மலேரியா ஒட்டுண்ணியின் டிஹெச்எஃப்ஆர் நொதி: படிக அமைப்பை மருந்து வடிவமைப்புக்கு எப்படிப் படிப்பது?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். உயிர்வேதியியலில் ஆய்வைத் தொடங்கியிருக்கும் மாணவி நான். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதிக்குக் கணினி வழியே புதிய தடுப்பான்களைத் தேடும் பணி எனக்குத் தரப்பட்டிருக்கிறது. (இனி அதை டிஹெச்எஃப்ஆர் என்றே குறிப்பிடுகிறேன்.) புரதத் தரவு வங்கியில் தேடியபோது, 2003ஆம் ஆண்டு தாய்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட மூன்று படிக அமைப்புகள் முதலில் கண்ணில் பட்டன. 1ஜே3ஐ, 1ஜே3ஜே, 1ஜே3கே என்பவை அவற்றின் குறியீடுகள். மூன்றும் ஒரே நொதியுடையவை என்றாலும், ஒன்று இயல்பான நொதி, மற்றொன்று இரண்டு பிறழ்வுகள் கொண்டது, இன்னொன்று நான்கு பிறழ்வுகள் கொண்டது. உள்ளே பிணைந்திருக்கும் தடுப்பான்களும் ஒன்றல்ல.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தேன். முதுகெலும்புச் சங்கிலி பெரும்பாலும் அப்படியே ஒன்றுகிறது. வேறுபாடு என்று கண்ணுக்குப் புலப்படுவது ஓரிரு பக்கச் சங்கிலிகளின் நிலை மட்டுமே. இவ்வளவு சிறிய மாற்றம் பைரிமெத்தமின் போன்ற ஒரு நல்ல மருந்தை எப்படிப் பயனற்றதாக்கியது என்பது எனக்கு விளங்கவில்லை. அதோடு, மனித உடலிலும் இதே பெயருள்ள நொதி இதே வேலையைச் செய்கிறது. அப்படியிருக்க இதை எந்த நம்பிக்கையில் இலக்காகக் கொள்கிறோம்? கடைசியாக நடைமுறை சார்ந்த ஒரு கேள்வி: மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்க்கும் டாக்கிங் வேலைக்கு இந்த மூன்றில் எதை எடுத்துக்கொள்வது? விவரமாக எழுதினாலும் பொறுமையாகப் படிப்பேன்.

மறுமொழி: படிகத்துளி

வணக்கம். படிகவியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன், ஆகவே உங்கள் முதல் கேள்வியையும் மூன்றாம் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதை ஒட்டுண்ணியின் உயிரியல் அறிந்தவர்கள் விளக்குவதே முறை.

முதலில், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது தனியான டிஹெச்எஃப்ஆர் அல்ல. டிஎன்ஏவுக்கு வேண்டிய தைமினைத் தயாரிக்கும் வழியில் சேர்ந்து இயங்கும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸும் தைமிடிலேட் சிந்தேஸும் மனிதரிடம் இரு வேறு புரதங்கள். மலேரியா ஒட்டுண்ணியிலோ அவை 608 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாக, நடுவே ஓர் இணைப்புப் பகுதியோடு அமைந்திருக்கின்றன. அத்தகைய இரண்டு சங்கிலிகள் சேர்ந்துதான் முழு நொதி உருவாகிறது. இப்படி இரட்டைப் பணி செய்யும் நொதியின் அமைப்பு முதன்முதலில் 1994இல் லீஷ்மேனியா மேஜர் ஒட்டுண்ணியிலிருந்து கிடைத்தது. ஃபால்சிபாரத்தின் அமைப்பு அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. இந்த ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதியில் அடினினும் தைமினும் ஏறத்தாழ 80 விழுக்காடு. அதனால் அதன் மரபணுவை அப்படியே பாக்டீரியாவில் வைத்துப் புரதம் எடுப்பது கடினம். ஒட்டுண்ணிப் புரதங்களில் இடையிடையே வரும் ஒழுங்கற்ற நீட்சிகள் படிகமாக ஒத்துழைப்பதும் அரிது. நான் கையாண்ட வேறோர் ஒட்டுண்ணி நொதி, கரையும் நிலையில் கிடைக்கவே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஆகவே, ஒரே நொதியின் இயல்பான வடிவமும் பிறழ்ந்த வடிவங்களும் ஒருசேர வெளிவந்தன என்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஒப்பீடு இல்லாமல் உங்கள் கேள்விக்கே விடை இருந்திருக்காது.

இனி பிறழ்வுக்கு வருவோம். பைரிமெத்தமினில் இரண்டு வளையங்கள் ஒரே ஒரு பிணைப்பால் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு அமினோ தொகுதிகள் கொண்ட பிரிமிடின் வளையம் ஒன்று, குளோரின் அணு பொருந்திய ஃபினைல் வளையம் மற்றொன்று. முதல் வளையம் நொதியின் செயல்தளத்தில் ஆழமாகச் சென்று, 54ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் அமைக்கிறது. அந்தப் பிடிப்பு பிறழ்ந்த நொதியிலும் மாறுவதில்லை. சிக்கல் மறுமுனையில் இருக்கிறது. 108ஆம் இடத்தில் இயல்பாக இருப்பது செரின், மிகச் சிறிய பக்கச் சங்கிலி. அது அஸ்பாரஜினாக மாறும்போது, அதிகப்படியாக நீண்ட பகுதி ஃபினைல் வளையத்தின் குளோரின் அணு இருக்கவேண்டிய இடத்தை நெருக்குகிறது. மருந்து கொஞ்சம் விலகிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு முனை அஸ்பார்ட்டிக் அமிலத்தில் நங்கூரமிட்டிருக்க, இரண்டு வளையங்களுக்கும் இடையே வளைந்து கொடுக்கும் மூட்டு எதுவும் இல்லை. விறைப்பான ஒரு கோலை ஒரு முனையில் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் சுவரை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினால் என்ன ஆகுமோ அதுவே இங்கே நடக்கிறது. புரதத்தின் முதுகெலும்பு அசையாமலிருப்பதால்தான் இந்த மோதல் இவ்வளவு கடுமையாக இருக்கிறது. நீங்கள் "சிறிய மாற்றம்" என்று எழுதியது உண்மையே. ஆனால் படிக அமைப்பில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அணுக்கள் தொடலாம் என்பதற்கும் தொட இயலாது என்பதற்கும் இடையே அரை ஆங்ஸ்ட்ராம்தான் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இருக்கும்.

51, 59ஆம் இடங்களில் வரும் மாற்றங்கள் மருந்தை நேரடியாகத் தொடுவதில்லை, செயல்தளத்தின் அருகிலுள்ள சங்கிலியைச் சற்றே நகர்த்தி மறைமுகமாகப் பங்களிக்கின்றன. 164ஆம் இடத்து ஐசோலூசின் லூசினாக மாறுவது மட்டும் மறுபடியும் செயல்தளத்துக்கு உள்ளேயே நிகழ்கிறது. முதலில் 108, பின்னர் 51உம் 59உம், கடைசியாக 164 என்று இந்தப் பிறழ்வுகள் படிப்படியாகச் சேர்வதையே களத்திலும் காண்கிறோம். நான்கும் சேர்ந்த ஒட்டுண்ணிக்குப் பைரிமெத்தமின் ஏறத்தாழப் பயனற்றது.

எந்த அமைப்பை எடுப்பது என்பதற்கு என் பரிந்துரை: ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். இயல்பான நொதியின் 1ஜே3ஐ, நான்கு பிறழ்வுகள் கொண்ட 1ஜே3கே ஆகிய இரண்டிலும் ஒரே மூலக்கூற்றுத் தொகுப்பைப் பொருத்திப் பாருங்கள். இரண்டிலும் நன்றாக அமர்பவற்றை மட்டும் மேலே கொண்டு செல்லுங்கள். இயல்பான நொதியில் மட்டும் அழகாக அமரும் மூலக்கூறு, இன்றைய ஒட்டுண்ணிக்கு எதிராக அல்ல, 1950களின் ஒட்டுண்ணிக்கு எதிராக வடிவமைக்கப்பட்ட மூலக்கூறு.

தொடங்குமுன் கவனிக்க வேண்டிய சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்புகளின் பிரிதிறன் 2.1 முதல் 2.3 ஆங்ஸ்ட்ராம் வரை. இந்த அளவில் பக்கச் சங்கிலிகளின் திசையும் தடுப்பானின் நிலையும் நம்பகமாகத் தெரியும், உறுதியாகப் பிடிபட்டிருக்கும் நீர் மூலக்கூறுகளும் தெரியும். ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது. எனவே பிரிமிடின் வளையத்தின் நைட்ரஜன் புரோட்டான் ஏற்றிருக்கிறதா என்பதை வேதியியல் அறிவைக் கொண்டு நீங்களே முடிவு செய்து மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அதை மென்பொருளின் தன்னியக்கத் தேர்வுக்கு விட்டால், மிக முக்கியமான அந்த உப்புப் பாலமே கணக்கில் வராமல் போகக்கூடும். இணைப்புப் பகுதியின் ஒரு பகுதி எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தில் தெரிவதே இல்லை. அங்கே அணுக்கள் இல்லை என்பதற்காகக் குழி இருக்கிறது என்று எண்ணி அதில் மூலக்கூற்றைப் பொருத்திவிடாதீர்கள்.

நொதி வேலை செய்ய உடன் தேவைப்படும் என்ஏடிபிஹெச் துணைநொதியை நீக்கவே நீக்காதீர்கள். எங்கள் கூடத்தில் வேறோர் ரிடக்டேஸுக்கு ஒருமுறை "தூய்மைப்படுத்துகிறோம்" என்ற பெயரில் நீர், அயனிகள் ஆகியவற்றோடு துணைநொதியையும் அழித்துவிட்டு டாக்கிங் செய்தோம். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவை அனைத்தும் துணைநொதி இருக்கவேண்டிய பள்ளத்தில் வசதியாகப் படுத்திருந்தன. ஆறு வாரங்கள் வீணாயின. காரணம் தெரிந்தபோது வருத்தத்தைவிட, இதை அடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்ற எண்ணமே மிகுந்தது.

மறுமொழி: கரிமவலை

படிகத்துளி அவர்கள் பைரிமெத்தமினைப் பற்றிச் சொன்னதை அப்படியே தொடர்கிறேன். நான் மருந்து வேதியியலைச் சேர்ந்தவன். இந்த நொதியின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, 1ஜே3ஐ, 1ஜே3கே ஆகிய அமைப்புகளில் பைரிமெத்தமினுக்கு மாறாக அமர்ந்திருக்கும் டபிள்யூஆர்99210 என்னும் மூலக்கூறுதான்.

பைரிமெத்தமின் 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ஆகியோரின் பணியிலிருந்து வந்தது. படிக அமைப்பு எதுவும் கையில் இல்லாத காலம் அது. ஃபோலேட்டின் வடிவத்தை ஒத்த மூலக்கூறுகளைச் செய்து, உயிரிகளின் மீது சோதித்து, அறிவுக்கூர்மையால் அவர்கள் கண்டடைந்தார்கள். 1988இல் அவ்விருவருக்கும் ஜேம்ஸ் பிளாக்குடன் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே 1988இல்தான் பைரிமெத்தமினுக்கு ஒட்டுண்ணி காட்டும் எதிர்ப்புக்கு 108ஆம் இடத்துப் பிறழ்வே காரணம் என்னும் ஆய்வுகளும் வெளிவந்தன. ஒரு மருந்தின் பெருமையும் அதன் வலுவிழப்பின் விளக்கமும் ஒரே ஆண்டில் பதிவானதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

டபிள்யூஆர்99210இல் நங்கூர வளையத்துக்கும் குளோரின்கள் ஏந்திய ஃபினைல் வளையத்துக்கும் நடுவே மூன்று கார்பன்களும் இரண்டு ஆக்சிஜன்களும் கொண்ட நெகிழ்வான சங்கிலி இருக்கிறது. ஆகவே 108ஆம் இடத்தில் அஸ்பாரஜின் வந்து நின்றாலும், சங்கிலி வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. நான்கு பிறழ்வுகள் கொண்ட நொதியிலும் அது இறுகப் பிடிப்பதை 1ஜே3கே அமைப்பில் நேராகவே காணலாம். இவ்வளவு சிறந்த தடுப்பான் ஏன் மருந்தாகவில்லை என்று கேட்பீர்கள். வாய்வழி கொடுத்தால் அது உடலில் போதிய அளவு சேர்வதில்லை, குடலும் அதைத் தாங்குவதில்லை. நொதியின் செயல்தளத்தில் ஒரு மூலக்கூறு எவ்வளவு அழகாக அமர்ந்தாலும், குடல்சுவரைப் பற்றியோ கல்லீரலைப் பற்றியோ படிக அமைப்பு ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இங்கிருந்துதான் யோங்யுத் யுதாவோங் தலைமையிலான தாய்லாந்துக் குழுவின் அடுத்த கட்டப் பணி தொடங்கியது. உங்கள் ஆய்வுக்கு அதுவே நேரடியாக உதவும். நெகிழ்வான சங்கிலி வேண்டும் என்பது முதல் பாடம். இரண்டாவது பாடம் இன்னும் ஆழமானது. நொதி எந்தப் பிறழ்வை வேண்டுமானாலும் ஏற்கலாம், ஆனால் தன் இயல்பான வினைபொருளான டைஹைட்ரோஃபோலேட்டைப் பிடிக்கும் திறனை இழந்துவிட்டால் ஒட்டுண்ணி பிழைக்காது. எனவே டைஹைட்ரோஃபோலேட் செயல்தளத்தில் நிரப்பும் கன அளவை ஒரு உறை போல வரைந்துகொண்டு, அந்த உறைக்கு வெளியே துருத்தாத மூலக்கூற்றைச் செய்தால், மருந்தை மட்டும் விரட்டி வினைபொருளை வரவேற்கும் பிறழ்வு அமைவது கடினம். பைரிமெத்தமினின் குளோரின் பகுதி அந்த உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒட்டுண்ணி கைவைத்தது சரியாக அங்கேதான்.

இந்த எண்ணத்தில் உருவாகி 2012இல் வெளியிடப்பட்டதே பி218. பிரிமிடின் நங்கூரம், நெகிழ்வான சங்கிலி, அதன் மறுமுனையில் ஒரு கார்பாக்சில் தொகுதி என்பது அதன் கட்டமைப்பு. அந்தக் கார்பாக்சில் தொகுதி 122ஆம் இடத்து ஆர்ஜினினைப் பற்றிக்கொள்கிறது. டைஹைட்ரோஃபோலேட்டும் தன் குளுட்டமேட் வாலால் பற்றுவது அதே ஆர்ஜினினைத்தான். ஒட்டுண்ணி அந்த ஆர்ஜினினை மாற்றினால் தன் உணவையே தட்டிவிட்டதாகும். பி218 நொதியை மெல்லப் பிடித்து மெல்லவே விடுகிறது, ஆகவே இலக்கில் அது தங்கும் நேரம் நீள்கிறது. இந்த மூலக்கூறு மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை சென்றது. படிக அமைப்பு கிடைத்து ஒன்பது ஆண்டுகளில் ஒரு நல்ல மூலக்கூறு கிடைத்திருக்கிறது என்றால், அதைத் தாமதம் என்று நான் சொல்லமாட்டேன்.

மறுமொழி: இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. துணைநொதியைப் பற்றிய எச்சரிக்கை எனக்குச் சரியான நேரத்தில் கிடைத்தது. நான் பதிவிறக்கிய கோப்பைத் தயார் செய்தபோது அதை நீக்கியிருந்தேன்.

ஓர் ஐயம். 122ஆம் இடத்து ஆர்ஜினின் வினைபொருளுக்கு அவ்வளவு இன்றியமையாதது என்றால், மனித நொதியிலும் அதே இடத்தில் ஆர்ஜினின் இருக்கத்தானே வேண்டும்? வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். மனித நொதியில் 70ஆம் இடத்தில் இருக்கிறது. ஒட்டுண்ணியின் 54ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு நிகராக மனித நொதியில் 30ஆம் இடத்தில் குளுட்டமிக் அமிலம் இருக்கிறது. வினைபொருளின் உறைக்குள்ளேயே மருந்தை அடக்க வேண்டும் என்னும் கொள்கை, மனித நொதியையும் அதே அளவில் தாக்கும் மூலக்கூற்றுக்கு நம்மைக் கொண்டுபோய்விடாதா? எதிர்ப்பைத் தவிர்ப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றுகிறது.

மறுமொழி: கரிமவலை

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்தக் கொள்கையின் மெய்யான இக்கட்டு அதுவே. பி218ஐப் பொறுத்தவரை விடை படிக அமைப்பிலேயே இருக்கிறது. அந்த மூலக்கூறு மனித நொதியில் ஒட்டுண்ணி நொதியில் அமர்வது போல அமர்வதில்லை, பிணையும் பாங்கே வேறாக இருக்கிறது. இன்றியமையாத ஓரிரு அமினோ அமிலங்கள் இரண்டு நொதிகளிலும் ஒன்றாக இருந்தாலும், அவற்றுக்கு இடையேயுள்ள தொலைவும் சுற்றுச்சுவரின் வடிவமும் ஒன்றல்ல. ஆகவே உங்கள் பட்டியலில் மூன்றாவது இலக்காக மனித டிஹெச்எஃப்ஆரையும் சேர்த்து, அதில் எவை மோசமாக அமர்கின்றன என்பதையும் பாருங்கள். ஆனால் டாக்கிங் மதிப்பெண்களின் வேறுபாட்டைக் கொண்டு "ஆயிரம் மடங்கு தேர்ந்து தாக்கும்" என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பெண் அவ்வளவு நுட்பமானதல்ல. நொதியை வைத்து அளந்து பார்ப்பதே முடிவைச் சொல்லும்.

உறைக்கு வெளியே செல்லும் மூலக்கூறுகளுக்கு என்ன நேரும் என்பதற்கு இன்னோர் ஒட்டுண்ணி நொதி நல்ல எடுத்துக்காட்டு. மலேரியா ஒட்டுண்ணியின் டைஹைட்ரோஓரோட்டேட் டிஹைட்ரஜனேஸின் படிக அமைப்பு 2006இல் வந்தது. மனித நொதிக்கும் அதற்கும் தடுப்பான் அமரும் பகுதியில் இருந்த வேறுபாடு பெரியது, அதனால் மனித நொதியைத் தொடாத மூலக்கூறுகளைச் செய்ய முடிந்தது. அவற்றுள் டிஎஸ்எம்265 மனிதச் சோதனைகளின் இரண்டாம் கட்டம் வரை சென்றது. ஆனால் அந்தச் சோதனையில் நோய் திரும்பியவர்களிடம், தடுப்பான் அமரும் தளத்தில் 276ஆம் இடத்துச் சிஸ்டீன் மாறிய ஒட்டுண்ணிகள் காணப்பட்டன. இரு இனங்களுக்கு இடையே எளிதில் மாறியிருக்கும் பகுதி, ஓர் இனத்துக்குள்ளேயும் எளிதில் மாறும். தேர்ந்து தாக்கும் தன்மையை எந்தப் பகுதி தருகிறதோ, பெரும்பாலும் எதிர்ப்பையும் அதே பகுதிதான் தருகிறது. நீங்கள் சொன்ன முரண் உண்மையானது. ஒவ்வொரு மூலக்கூறும் அதற்கு நடுவே ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மறுமொழி: குருதித்துகள்

ஒட்டுண்ணியை வளர்த்து ஆய்பவள் என்னும் முறையில் இரண்டாம் கேள்விக்கு விடை எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரி. ஆனால் மனித நொதியும் ஒட்டுண்ணி நொதியும் வேறுபடுவது படிகத்தில் தெரியும் வடிவத்தில் மட்டும் அல்ல என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

மனித உயிரணுவில் டிஹெச்எஃப்ஆர் புரதம் தன் சொந்தத் தூது ஆர்என்ஏவோடு பிணைந்து, தன் உற்பத்தியைத் தானே அடக்கி வைக்கிறது. தடுப்பான் வந்து நொதியைப் பிடித்தால் அந்த அடக்கம் தளர்ந்து, உயிரணு மேலும் நொதியைச் செய்துகொள்கிறது. இழப்பை ஈடுசெய்யும் வழி அது. மலேரியா ஒட்டுண்ணியிலும் இந்த நொதி தன் தூது ஆர்என்ஏவோடு பிணைகிறது. ஆனால் தடுப்பான் வந்தாலும் அந்தப் பிணைப்பு விடுவதில்லை, ஆகவே புதிய நொதி வருவதில்லை. பிரதீப்சிங் ராத்தோடும் கெய் ஜாங்கும் 2002இல் இதை வெளியிட்டார்கள். மேலும் மனித உயிரணு தைமிடினைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஒட்டுண்ணிக்கு அந்த வழியே கிடையாது, பிரிமிடின்கள் முழுவதையும் தானே உருவாக்க வேண்டும். அதாவது, இரண்டு நொதிகளும் வடிவத்தில் ஒன்றாகவே இருந்தாலும், ஒரே அளவு தடுப்பு மனித உயிரணுவைவிட ஒட்டுண்ணியையே கடுமையாகத் தாக்கும். பைரிமெத்தமின் பல பத்தாண்டுகள் பாதுகாப்பாகப் பயன்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குத் தரப்படும் எஃப்லோர்னிதின். அது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் நொதியோடு நிலையாகப் பிணைந்து அதை முடக்குகிறது. அந்நோயின் ஒட்டுண்ணியான டிரிப்பனோசோமா புரூசியின் நொதியை மனித நொதியோடு ஒப்பிட்டால், செயல்தளம் ஏறத்தாழ அச்சு அசலாக இருக்கும். படிக அமைப்பை மட்டும் பார்ப்பவர் இதை இலக்காகவே எடுக்கமாட்டார். ஆனால் மனித நொதி ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே சிதைக்கப்பட்டுப் புதிதாக உருவாகிறது, காம்பியன்ஸே வகை ஒட்டுண்ணியின் நொதியோ நெடுநேரம் நிலைத்திருக்கிறது. முடக்கப்பட்ட நொதியை மனித உயிரணு மாற்றிக்கொண்டே இருக்கும். ஒட்டுண்ணியால் அது இயலாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே குடும்ப ஒட்டுண்ணிகளின் டிரிப்பனோதையோன் ரிடக்டேஸ், பாடநூல் சொல்லும் இலக்கு எப்படி இருக்கவேண்டுமோ அப்படியே இருக்கும். டிரிப்பனோதையோன் என்னும் பொருள் 1985இல் கண்டறியப்பட்டது, மனிதரிடம் அது இல்லை. நொதியின் படிக அமைப்பு 1991இலேயே கிடைத்தது. மனிதரின் குளுட்டாதையோன் ரிடக்டேஸோடு ஒப்பிட்டால், செயல்தளம் அகலமாகவும் எதிர் மின்னூட்டம் மிக்கதாகவும் இருக்கும். வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்தும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதிலிருந்து நோயாளிக்கு ஒரு மருந்து வரவில்லை. அந்த அகலமான தளத்தைச் சிறிய மூலக்கூறு எதுவும் இறுகப் பிடிப்பதில்லை. அதோடு, நொதியின் அளவைப் பத்து விழுக்காட்டுக்கும் கீழே குறைத்தால் ஒழிய ஒட்டுண்ணியின் வளர்ச்சி குன்றுவதில்லை. இலக்கு இன்றியமையாததுதான், ஆனால் தொண்ணூறு விழுக்காடு தடுத்தும் பயனில்லை என்றால் வேதியியலாளர் மேல் சுமத்தப்படும் சுமை மிகப் பெரிது.

உங்கள் திட்டத்துக்குப் பயன்படும் ஒரு சோதனையையும் சொல்கிறேன். கணினி தரும் மூலக்கூறுகள் ஒட்டுண்ணியைக் கொன்றால், அவை டிஹெச்எஃப்ஆர் வழியாகத்தான் கொல்கின்றனவா என்பதை எப்படி அறிவீர்கள்? மனித டிஹெச்எஃப்ஆர் மரபணுவைப் புகுத்திய மலேரியா ஒட்டுண்ணிகள், டபிள்யூஆர்99210 இருந்தாலும் கவலையின்றி வளர்கின்றன என்பது 1997இல் ஃபிடாக், வெல்லெம்ஸ் ஆகியோரின் ஆய்வில் வெளிவந்தது. புரோகுவானில் என்னும் மருந்து உடலில் சைக்ளோகுவானிலாக மாறி டிஹெச்எஃப்ஆரைத் தடுக்கும். ஆனால் அப்படி மாறாத தன் சொந்த வடிவிலும் அது அதே ஒட்டுண்ணிகளை வழக்கம்போலத் தாக்கியது. அந்த வடிவத்துக்கு இலக்கு வேறு என்பது அப்படித்தான் தெளிவாயிற்று. ஆகவே இயல்பான ஒட்டுண்ணி, நான்கு பிறழ்வுகள் கொண்ட ஒட்டுண்ணி, மனித மரபணு ஏற்ற ஒட்டுண்ணி என்னும் மூன்றிலும் உங்கள் மூலக்கூறுகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் இரண்டைக் கொன்று மூன்றாவதை விட்டுவைக்கும் மூலக்கூறுதான் நீங்கள் தேடுவது. மூன்றையும் கொல்வது வேறெங்கோ தாக்குகிறது, அல்லது மனித நொதியையும் தாக்குகிறது. நொதி அளவில் சிறப்பாகத் தடுத்தும் மூன்றில் ஒன்றையும் கொல்லாதவை, சிவப்பணுவின் படலம், ஒட்டுண்ணியைச் சூழ்ந்த குமிழியின் படலம், ஒட்டுண்ணியின் சொந்தப் படலம் ஆகிய மூன்றையும் தாண்டி உள்ளே செல்லாதவையாக இருக்கலாம். கார்பாக்சில் தொகுதி சேர்க்கும்போது இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

மறுமொழி: படிகத்துளி

குருதித்துகள் அவர்கள் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன், ஒரே ஒரு சொல்லைத் தவிர. "படிக அமைப்பை மட்டும் பார்ப்பவர்" எஃப்லோர்னிதினின் இலக்கை விட்டுவிடுவார் என்பது சரிதான். ஆனால் எஃப்லோர்னிதின் அமைப்பிலிருந்து தொடங்கி வந்த மருந்தும் அல்ல, அது முதலில் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டது. எந்த நொதியை இலக்காகக் கொள்வது என்னும் கேள்விக்கு உயிரியல்தான் விடை சொல்லவேண்டும். அந்த நொதியில் எந்த அணுவுக்கு எதிரே எந்த அணுவை வைப்பது என்பதைத்தான் படிகத்திடம் கேட்கலாம். முதல் கேள்வியைப் படிகத்திடம் கேட்பதால்தான் பல திட்டங்கள் வீணாகின்றன என்பது என் துணிபு.

இளவேனில், இன்னொன்று. பிளாஸ்மோடியம் வைவாக்ஸின் டிஹெச்எஃப்ஆர் அமைப்பும் 2005இல் வெளிவந்திருக்கிறது. ஃபால்சிபாரத்தின் 108ஆம் இடம் அதில் 117, 59ஆம் இடம் 58. வைவாக்ஸை ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்ப்பது மிகக் கடினம் என்பதால், அந்த ஒட்டுண்ணிக்கு மருந்து தேடுவோருக்குப் படிக அமைப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக உதவுகிறது. உங்கள் இறுதிப் பட்டியலில் இருபது மூலக்கூறுகள் மிஞ்சினால், அவற்றை வைவாக்ஸ் அமைப்பிலும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். அதற்கு முன்பாக, ஏற்கெனவே படிகத்தில் இருக்கும் டபிள்யூஆர்99210ஐ வெளியே எடுத்துவிட்டு, உங்கள் மென்பொருளைக் கொண்டே மறுபடியும் உள்ளே பொருத்துங்கள். படிகத்தில் இருந்த நிலையிலிருந்து இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் அது வந்து அமராவிட்டால், மென்பொருளின் அமைவுகளைச் சரிசெய்யும் வரை புதிய மூலக்கூறு எதையும் தொடாதீர்கள்.

மறுமொழி: இளவேனில்

நன்றி. இரண்டு நாள்கள் எடுத்து நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். துணைநொதி இல்லாத கோப்பில் டபிள்யூஆர்99210 முற்றிலும் வேறு இடத்தில் போய் அமர்ந்தது. துணைநொதியை மீண்டும் சேர்த்து, பிரிமிடினை ஒத்த அந்த டிரையசின் வளையத்துக்குப் புரோட்டான் ஏற்றிய பின், 1ஜே3கே அமைப்பில் படிகத்தில் இருந்த நிலையை ஒட்டியே வந்து நின்றது. நெகிழ்வான சங்கிலி மட்டும் ஓரிடத்தில் சற்றே விலகித் திரும்புகிறது. 1ஜே3ஐயிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்கிறது.

பைரிமெத்தமினை நான்கு பிறழ்வுகள் கொண்ட அமைப்பில் பொருத்தியபோது, குளோரின் அணுவுக்கும் 108ஆம் இடத்து அஸ்பாரஜினுக்கும் உள்ள தொலைவை இம்முறை அளந்து பார்த்தேன். மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வளையம் நங்கூரத்திலிருந்து பிசகி நிற்கிறது. மதிப்பெண்ணை மட்டும் நம்பியிருந்தால் பைரிமெத்தமின் இன்றும் நல்ல மருந்து என்றே என் அட்டவணை சொல்லியிருக்கும். இனி 54ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு பிணைப்பு அமையாத எந்த நிலையையும் மதிப்பெண் எவ்வளவாயினும் ஒதுக்கிவிடுவது என்று வடிகட்டியில் சேர்த்திருக்கிறேன். டைஹைட்ரோஃபோலேட்டின் உறையை எப்படி வரைவது என்பதைத் தனிக் கேள்வியாக அடுத்த வாரம் இடுகிறேன்.

மறுமொழி: கரிமவலை

அந்த வடிகட்டி சரியானது. உறைக்கு, டைஹைட்ரோஃபோலேட்டை அஸ்பார்ட்டிக் அமிலம் 54, ஆர்ஜினின் 122 ஆகிய இரண்டோடும் பிணைந்த நிலையில் முதலில் பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் உறை தவறாகிவிடும்.